மூன்று குட்டை, ஒரு நெட்டை

நோய் இல்லாதவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, எனக்கு என்னமோ செய்யுது டாக்டர் என்று அடம்பிடித்தால் டாக்டருக்கு எப்படி இருக்கும்? ரெஜிஸின் மோட்டார் ஜெசிந்தாவை அந்தப் பாடுபடுத்தியது. இரும்பு ஸ்டாண்டில் மாட்டி, வாலை நீல டிரம் தண்ணீருக்குள் இறக்கி, முக்கால் மணி நேரமாக ஓட்டிப் பார்த்துவிட்டாள். அதுபாட்டுக்குச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

“கடலுக்குப் போனா கத்துதுக்கா. இங்க கொண்டாந்தா ஊமை வேஷம் போடுது,” என்றான் ரெஜிஸ்.

“மோட்டார் வேஷம் போடாது மாப்ள. நீதான் எதையோ விட்டுட்டுச் சொல்லுத.”

ரெஜிஸ் பூவரசந்துறைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பாம்பன் பக்கத்து ஆள். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு தங்கிவிட்டதால் ஊர் முழுக்க அவனுக்கு ‘மாப்ள’ என்றே பெயர். மாமனார் ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கடல் பக்கமே போகாதவர். ரெஜிஸும் இத்தனை நாள் தூத்துக்குடியில் பெரிய விசைப்படகில் கூலிக்குப் போனவன்தான். மூன்று வாரத்துக்கு முன்பு சொந்தமாக ஒரு ஃபைபர் படகும் புது மோட்டாரும் எடுத்தான். எடுத்த நாளிலிருந்து இந்தக் கூத்து.

ஜெசிந்தா விரலை மடக்கினாள். “மோட்டார் கத்துறதுக்கு நாலே காரணம்தான். சூடு ஏறணும். எண்ணெய் குறையணும். பெட்ரோல்ல தண்ணி கலக்கணும். இல்லன்னா கண்ணு மண்ணு தெரியாம வெரட்டணும். இதுல ஒண்ணொண்ணுக்கும் ஒரு சத்தம் இருக்கு. சூடுன்னா நிக்காமக் கத்தும். எண்ணெய்ன்னா விட்டு விட்டுக் கத்தும்.”

மோட்டாரின் பின்புறத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் நூலாகப் பீய்ச்சியது. உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. “பாரு, ஒண்ணுக்கு நல்லாத்தான் போகுது. சூடு இல்ல. எண்ணெய் நெறைய இருக்கு. வடிகட்டியில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அப்ப எதுக்குக் கத்துது? எப்பிடிக் கத்துதுன்னு கத்திக் காட்டு.”

ரெஜிஸ் சுற்றுமுற்றும் பார்த்தான். ஏலக்கூடத்தில் மீன்காரிகள் கூடை கழுவிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வாயைக் குவித்து, “பீப், பீப், பீப்... பீஈஈஈப்,” என்றான். கூடைகளுக்கு நடுவிலிருந்து சிரிப்பு வெடித்தது. “மாப்ளைக்கு ஹார்ன் நல்லா வேலை செய்யுதுடீ!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. மூன்று குட்டை, ஒரு நெட்டை. கம்பெனி கொடுத்த புத்தகத்தை எண்ணெய்க் கையோடு புரட்டினாள். அப்படி ஒரு சத்தம் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாத ஒரு சத்தமா? அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு ஏறிவிட்டது. இனி இதைக் கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது.

மோட்டாரின் தலையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டியை ரெஜிஸ் தட்டினான். “இந்தச் சனியன்தானக்கா கத்துறது? விசைப்படகுல இதெல்லாம் கிடையாது. என்ன எழவுக்கு வச்சிருக்கான்?”

“காவல் பெட்டி. அஞ்சு வருஷமாச்சு, எல்லா நாட்டுப்படகுலயும் கட்டாயம் வச்சாகணும்னு சட்டம் போட்டு. மோட்டாரோட காது இது. எங்க நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, எல்லாத்தையும் கேட்டு மனசுல வச்சுக்கிடும். அதோட விடாது. ரெண்டு படகு கடல்ல பக்கத்துல வந்தா ரெண்டு பெட்டியும் பேசிக்கிடும். ஒருத்தன் ஒரு எடத்துல பாறையில அடிபட்டா, மறுநாள் மத்தவன் அங்க போறப்ப அவன் பெட்டி முன்கூட்டியே கத்தும்.”

“பைப்படியில பொம்பளைங்க பேசிக்கிற மாதிரி.”

“ஆமா. என்ன ஒண்ணு, இது பொய் கலக்காது.”

ஜெசிந்தா இடுப்புக் கயிற்றிலிருந்து பிளக் ஸ்பானரை உருவி, கடைசியாக ஒரு முறை பிளக்கையும் கழற்றிப் பார்த்தாள். அந்த ஸ்பானர் அவள் புருஷன் கபிரியேலுடையது. கைப்பிடியில் ‘க’ என்று அரத்தால் ராவியிருந்தான். உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி துரு தின்ற குழிகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தொம்மை அண்ணன் படகில் இரண்டு வாரம் கிடந்த சாமான் எப்படி இந்தத் துரு பிடிக்கும் என்று அவள் பல தடவை யோசித்ததுண்டு. பிறகு வேலை வந்துவிடும், மறந்துவிடுவாள்.

பிளக்கும் சுத்தமாகத்தான் இருந்தது.

மத்தியானம் தொம்மை வந்தார். நாட்டுப்படகுச் சங்கத்துத் தலைவர். ஜெசிந்தாவின் மகள் அன்னாவுக்கு ஞானத்தகப்பன். நான்கு வருஷமாக அவர் வலையில் விழும் முதல் மீன் ஜெசிந்தாவின் வீட்டுக்குத்தான் வரும். அன்றைக்கும் ஒரு ஊளி மீனைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவர், ஸ்டாண்டில் இருந்த மோட்டாரைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“இவன் ஏன் இங்க கொண்டாந்தான்? கம்பெனிக்குக் கொண்டு போலேய்னு சொன்னனே.”

“ஏன்ண்ணே, எனக்குப் பாக்கத் தெரியாதாக்கும்?”

“அதுக்கில்ல பிள்ள. அந்தப் பெட்டி வயரப் பிடுங்கி விட்ரு. சனியன் ஒழிஞ்சது. எதுக்கு வம்பு?”

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடற்கரையில் பெட்டி வயரைப் பிடுங்கியவனைக் கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போட்ட ஆள் இவர். சிவப்புக் கயிறு மாட்டாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று சட்டம் வைத்தவரும் இவர்தான். அந்தக் கயிற்றின் ஒரு முனை மோட்டாரில் இருக்கும், மறு முனை ஓட்டுகிறவன் மணிக்கட்டில். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும். வலையில் மாட்டுகிறது என்று மற்ற ஊர்களில் எவனும் அதைச் சீந்துவதில்லை. பூவரசந்துறையில் மட்டும் பதினாறு படகிலும் பதினாறு கயிறு. தன் வாய்க்குப் பயந்துதான் மாட்டுகிறார்கள் என்று ஜெசிந்தாவுக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

“வயரைப் பிடுங்குறதுக்கு மெக்கானிக் எதுக்குண்ணே? கடலுக்குக் கொண்டு போயிப் பாத்தாத்தான் தெரியும். உங்க படகுல என்னக் கூட்டிட்டுப் போங்களேன்.”

“பொம்பள ஏறக் கூடாது பிள்ள. உனக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு, மீனை ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான்கு வருஷமாக இதே பதில்தான். ஊரில் அவளைப் போல் மோட்டார் பார்க்க ஆளில்லை என்பார்கள். ராஜமரியாதை கொடுப்பார்கள். கடலில் ஒரு சோதனை ஓட்டம் என்றால் மட்டும் பதினாறு பேருக்கும் ஒரே நேரத்தில் சாஸ்திரம் ஞாபகம் வந்துவிடும்.

கபிரியேல் அப்படி ஒரு சோதனை ஓட்டத்துக்குப் போனவன்தான். தொம்மையின் மோட்டாரைச் சரிபார்த்துவிட்டு, தொம்மையின் படகிலேயே தனியாக ஓட்டிப் பார்க்கப் போனான். மறுநாள் படகு தெற்கே வெகுதூரத்தில் டேங்க் காலியாகி மிதந்துகொண்டிருந்தது. ஆள் இல்லை. ஜெசிந்தா அப்போது நிறைமாதம். ஒன்பதாம் நாள் அன்னா பிறந்தாள். நீரோட்டம் கபிரியேலை எங்கோ கொண்டு போயிருக்கும், எந்த ஊர்க் கப்பலாவது தூக்கியிருக்கும், ஏதோ ஒரு தீவுச் சிறையில் பேச முடியாமல் கிடக்கிறான் என்றுதான் அவள் நம்பினாள். அப்படிப் போய்ப் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள்! அவன் செல் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போடுவாள். கல்லறைத் திருநாள் பட்டியலில் பெயர் சேர்க்கவா என்று கோயில் கணக்குப்பிள்ளை கேட்டபோது, உசுரோட இருக்க மனுசனுக்கு எவன்டா பூசை கேட்டான் என்று விரட்டியடித்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். சிறைகளில் ஊர் பேர் தெரியாமல் கிடக்கும் கைதிகளின் போட்டோக்களை அங்கே ஒரு ஆபீசில் காட்டுகிறார்களாம்.

“மாப்ள, நாளைக்கு நான் வரட்டா? உன் படகுல?” என்று ரெஜிஸிடம் கேட்டாள்.

“வாங்களேன். எங்கம்மா பாசி எடுக்க நித்தம் போட்லதான் போகும். அதுக்கென்ன?”

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு கிளம்பினார்கள். அன்னாவைப் பால்வாடியில் விட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜெசிந்தா மோட்டார் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். கரை மெலிந்து கோடானது. முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ரெஜிஸ் தன் மானம் போய்விடுமோ என்று மோட்டாரை முறைத்துக்கொண்டு வந்தான்.

பீப், பீப், பீப். பீஈஈஈப்.

“கேட்டீங்களா! கேட்டீங்களா! நான் புளுகல!”

ஜெசிந்தா துள்ளி எழுந்தாள். தண்ணீர் நூலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மூடியில் கை வைத்தாள், சூடு இல்லை. எண்ணெய் முள் நடுவில். வடிகட்டி சுத்தம். பெட்டியின் சின்னத் திரையில் ‘எச்சரிக்கை, வேகத்தைக் குறை’ என்று மட்டும் ஓடியது. கால் மைல் போனதும் தானாக அடங்கிவிட்டது.

“திருப்பு படகை.”

திருப்பினான். அதே இடத்தில் மறுபடி கத்தியது. சுற்றிக்கொண்டு வந்தார்கள், கத்தவில்லை. நேராகப் போனார்கள், கத்தியது. ஆமை வேகத்தில் போனார்கள், கத்தவில்லை. ஈயக்குண்டைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்த்தார்கள். பதினான்கு பாகம், அதாவது எண்பத்து நான்கு அடி ஆழம், அடியில் வெறும் மணல். பாறை இல்லை, உடைந்த கப்பல் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “மோட்டாருக்கு நோய் இல்ல மாப்ள. கடலுக்குத்தான் நோய்!”

அந்த இடத்தைச் செல்போனில் குறித்துக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது எதிரே ஒரு படகு வந்தது. மஞ்சள் பட்டை போட்டது, தொம்மையின் படகு. விலகிப் போனது. ரெஜிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, அவுங்க மோட்டார் நின்னுபோச்சு,” என்றான். நின்றுதான் போயிருந்தது, சரியாக அதே இடத்தில். தொம்மை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதவிக்குப் போகலாமா என்று யோசிப்பதற்குள் மோட்டார் திரும்ப ஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்போதுதான் அவர் இவர்களைப் பார்த்தார். ஜெசிந்தா கையை ஆட்டினாள். அவர் பதிலுக்கு ஆட்டவில்லை.

கரைக்கு வந்ததும் ஜெசிந்தா பெட்டியின் வயரைச் செல்லில் சொருகி, அதன் மனதில் இருந்ததையெல்லாம் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினாள். அங்கே கோகிலவாணி என்று ஒரு இன்ஜினியர் பெண். இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் போனில் நல்ல சிநேகம். அரை மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, உங்க ஊர்க் கடல்ல என்னதான் நடக்குதுங்க?”

“ஏன், என்ன?”

“மூணு குட்டை ஒரு நெட்டை, அது நாங்க புத்தகத்துலயே போடலைங்க. அடிக்கவே அடிக்காதுன்னு நினைச்சோம். அது ஆள் விழும் இடம்னு அர்த்தம். யாராவது சிவப்புக் கயித்த இழுத்து மோட்டார் நின்னா, ஆள் தண்ணியில விழுந்துட்டார்னு பெட்டி எழுதிக்கும். சாவியில நிறுத்துனா எழுதாது, கயிறு இழுத்தா மட்டும்தான். ஒரே இடத்துல நிறையப் பேரு விழுந்தா, அந்த இடமே ஆபத்துன்னு முடிவு கட்டிடும். அங்க வேகமாப் போறவங்களுக்கு மட்டும் கத்தும்.”

“எத்தன பேரு விழுந்திருக்கு?”

“ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு தடவைங்க. பதினாறு படகு. ஒரு நிமிஷத்துல திரும்ப ஸ்டார்ட் பண்ணிடறாங்க. ஆளைத் தூக்கிட்டாங்கன்னு பெட்டி நினைச்சுக்குது. எனக்கென்னமோ எல்லாரும் வேணும்னே இழுக்கற மாதிரி இருக்குங்க. அங்க ஏதாச்சும் கோயில் கீயில் இருக்குங்களா?”

“நடுக்கடல்ல என்ன கோயில்?” ஜெசிந்தாவுக்குக் குறுகுறுப்பு உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பதினாறு படகுக்காரர்களும் அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். நிறுத்துகிறவனுக்குப் பெட்டி கத்தாது, நிற்காமல் போகிறவனுக்குத்தான் கத்தும். ரெஜிஸ் புது ஆள், அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். “இது எப்ப ஆரம்பிச்சுது? முதல் தடவ எப்ப?”

“இருங்க, பாக்கறேன். நாலு வருஷம் ஆச்சு. செப்டம்பர் இருபத்திரண்டு. காலைல பத்து இருபது. அன்னிக்கு மட்டும் பதினாறு படகும் ஒண்ணா நின்னிருக்குங்க.”

செப்டம்பர் இருபத்திரண்டு அன்னாவின் பிறந்தநாள். பத்து மணிக்கு ஜெசிந்தா தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தொம்மை பிள்ளையைப் பார்க்க வந்தார். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. சிநேகிதன் பிள்ளை என்ற சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தாள். ஒரு வாரம் கழித்து, “இது என் படகுல கெடந்துச்சு பிள்ள,” என்று அந்த ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குறுகுறுப்பெல்லாம் வடிந்துவிட்டது.

“கோகிலா, அதுக்கு ஒம்பது நாளைக்கு முந்தி? செப்டம்பர் பதிமூணு? யாராச்சும் விழுந்த மாதிரி ஏதும் இருக்கா?”

“இல்லைங்களே. அந்த மாசம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைங்க.”

எத்தனையோ ஆயிரம் பொய் விழுதல்களை எழுதி வைத்திருந்த பெட்டிக்கு அந்த ஒரு நிஜ விழுதல் தெரியவில்லை.

“அந்த இடத்தைப் பட்டியல்ல இருந்து அழிச்சிடட்டுங்களா அக்கா? உங்க கம்ப்ளெயிண்ட் சரியாயிடும்.”

“வேண்டாம். நான் சொல்லுத வரைக்கும் தொடாதே,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தொம்மை மூன்று மணிக்குக் கரையேறினார். வலையைக்கூட இறக்கவில்லை. நேராக ஷெட்டுக்கு வந்து வாசலில் நின்றார். ஜெசிந்தா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“நீ அங்க போயிருக்கக் கூடாது பிள்ள.”

“ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு தடவ கயித்த இழுத்திருக்கிய. எதுக்குண்ணே?”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“அன்னைக்கு நிக்காமப் போன மோட்டாரு, அங்கயாவது நிக்கட்டும்னு. வேற என்ன செய்யத் தெரியும் எங்களுக்கு?”

“அவுக அங்கதான் இருக்காகளா?”

தொம்மை தலையை ஆட்டினார்.

“என் வலையிலதான் வந்தான். ஒம்பதாம் நாளு. பாக்குத கோலத்துல இல்ல பிள்ள, அத எங்கிட்டக் கேக்காத. பதினாறு படகும் கூடிட்டு. கரைக்குக் கொண்டு போவோம்னுதான் இருந்தோம். அந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்து போன் வருது. பிள்ள தலை திரும்பல, ரத்தம் வேணும், தாய் பிழைக்குமான்னே சொல்ல முடியலன்னு. இதையும் கேட்டா ரெண்டு உசுரும் போயிருமேன்னு பதறிட்டோம். செபம் சொல்லி, நங்கூரக் கல்லக் கட்டி, அங்கயே... சிலுவையத் தொட்டுச் சத்தியம் பண்ணினோம், பிள்ள பொறக்கட்டும், சொல்லிக்கிடலாம்னு. பொறந்துச்சு. ஞானஸ்நானம் முடியட்டும்னோம். முடிஞ்சுது. அதுக்குள்ள நீ அவனத் தேடித் தரச் சொல்லி மனு எழுத ஆரம்பிச்சிட்ட. எந்த வாயால சொல்ல?”

“கயிறு?” என்றாள் ஜெசிந்தா. “உங்க மோட்டார்ல சிவப்புக் கயிறு இருந்திருந்தா அவுக விழுந்ததும் படகு நின்னிருக்குமே. நீந்தி ஏறியிருப்பாகளே.”

“வலையில மாட்டுதுன்னு நான்தான் அறுத்துப் போட்டிருந்தேன். கபிரியேல் ரெண்டு தடவ சொன்னான், புதுசு வாங்கிப் போடுங்கண்ணேன்னு. நாளைக்குப் பாப்போம்லேன்னேன். அவன் காணாமப் போன பெறகுதான் வாங்கி மாட்டினேன்.”

ஜெசிந்தா இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது உங்க படகுல கெடந்துச்சுன்னு குடுத்திய.”

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். “அவன் இடுப்புல இருந்துச்சு பிள்ள.”

நான்கு வருஷம். ஒரு நாள் விடாமல் அவள் கையில் இருந்த சாமான். அந்தக் குழிகளை உப்புத்தாள் போட்டு உப்புத்தாள் போட்டு எத்தனை முறை தேய்த்திருக்கிறாள்! ஜெசிந்தா எழுந்து வந்து அவரை அடித்தாள். தோளில், தலையில், முதுகில், கை ஓய்கிற வரைக்கும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. ஏலக்கூடத்திலிருந்து ஓடிவந்த பெண்கள் அருகில் வரப் பயந்து நின்றார்கள்.

“நாலு வருஷம்! தெனமும் பிள்ளைகிட்ட அப்பா வருவாருன்னு சொல்லி ஊட்டியிருக்கேனே! அந்த ஆள் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுட்டு இருக்கேனே! நீங்க மீனக் கொண்டாந்து ஆணியில மாட்டிட்டுப் போறியளே! உங்களுக்கெல்லாம் நெஞ்சு இருக்கா?”

“இல்ல,” என்றார் தொம்மை.

வெகுநேரம் அழுதாள். எந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள், யார் முதுகைத் தடவினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வெயில் சாய்ந்தபோது தொம்மை அதே இடத்தில், அதே மணலில் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறிய. பதினாறு பேரும். எங்கிட்டச் சொன்னதை அப்பிடியே சொல்லுறிய.”

“உள்ள தள்ளிருவான் பிள்ள.”

“தள்ளட்டும்,” என்றாள் ஜெசிந்தா. “ஜாமீனுக்கு நான் வாரேன்.”

போனார்கள். கேஸ் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. சென்னைக்கு எடுத்த டிக்கெட்டை ஜெசிந்தா ரத்து செய்தாள். கோயில் கணக்குப்பிள்ளையைத் தேடிப் போய்ப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொன்னாள். அன்னாவிடம் எப்படிச் சொன்னாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள் உள்ளது, நமக்கு வேண்டாம்.

ஒரு வாரம் ஷெட்டைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் கோகிலவாணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“இப்ப அந்த இடத்தை என்ன பண்ணட்டுங்க அக்கா? அழிக்கலாம். இல்லைன்னா என்ன ஆபத்துன்னு நீங்களே எழுதலாம். பாறை, சுழல், கிழிஞ்ச வலை, இப்படிப் பட்டியல் இருக்கும். கடைசில ‘மற்றவை’ன்னு ஒரு கட்டம் இருக்குங்க. அதுல எழுதினா எல்லாப் பெட்டிக்கும் போயிடும். உங்க ஊரு, பக்கத்து ஊரு, எல்லாத்துக்கும்.”

ஜெசிந்தா அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லை எழுதினாள். பிறகு, “மூணு குட்டை வேண்டாம் கோகிலா. பயங்காட்டுத மாதிரி இருக்கு. ஒரே ஒரு நெட்டை போதும்,” என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து, காற்றில் ஒதுங்கி வந்த வெளியூர்ப் படகு ஒன்று பூவரசந்துறையில் கரையேறியது. மோட்டார் இருமி இருமி ஓடுகிறதென்று இரண்டு பேர் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஜெசிந்தா மூடியைத் திறந்து, இடுப்பிலிருந்து ஸ்பானரை உருவி, பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தாள்.

“இன்னொண்ணு கேக்கணும்க்கா,” என்றான் இருவரில் மூத்தவன். “வர்ற வழியில ஒரு எடத்துல பெட்டி மெதுவா ஒரு சத்தம் போட்டுச்சு. என்னன்னு பாத்தா திரையில ‘கபிரியேல்’ன்னு ஒரு பேரு வருது. வேற ஒண்ணுமே இல்ல. அது யாருக்கா?”

ஸ்பானர் ஒரு சுற்றில் நின்றது.

“என் வீட்டுக்காரரு,” என்றாள் ஜெசிந்தா. அடுத்த வார்த்தையை அவள் இதுவரை எந்த வெளி ஆளிடமும் சொன்னதில்லை. “செத்துப்போயிட்டாரு.”

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

“யாருன்னு தெரியலக்கா. ஆனா பேரப் பாத்ததும் என்னமோ மாதிரி இருந்துச்சு. மோட்டார ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத்தான் வந்தோம்.”

“நல்லது,” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பிளக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு. டேங்கைக் கவுத்துக் கழுவிட்டு வாங்க. ஆமா, உங்க சிவப்புக் கயிறு எங்க?”